முனையத்திலிருந்து வெளித்திரையின் ஒளிர்வை மாற்றுதல்: தொடக்கநிலை விளக்கம்

மடிக்கணினியின் சொந்தத் திரை கண்ணைக் கூசச் செய்தால், விசைப்பலகையில் சூரியன் படம் போட்ட விசையை இரண்டு முறை அழுத்தினால் போதும். அதே கணினியுடன் ஒரு வெளித்திரையை இணைத்த பின் அந்த விசையை அழுத்திப் பார்த்தால், மடிக்கணினியின் திரை மட்டும் மங்கும். பெரும்பாலும் வெளித்திரை இருந்தபடியே இருக்கும். அதன் ஒளிர்வை மாற்ற, அடிவிளிம்பிலோ முதுகுப்புறத்திலோ இருக்கும் பொத்தான்களை விரலால் தடவித் தேடி, திரையில் எழும் பட்டியலுக்குள் மூன்று நான்கு படிகள் இறங்க வேண்டியிருக்கிறது. இத்தனை வேலையையும், கட்டளைகளைத் தட்டி இயக்கும் சாளரமான முனையத்தில், ஒரே வரிக் கட்டளையால் செய்ய முடியும். அதற்கான வழி பல ஆண்டுகளாகவே நம் கேபிள்களுக்குள் இருக்கிறது. ஆனால் இயக்குதளங்கள் அதை வெளியே காட்டிக்கொள்வது குறைவு என்பதால், நெடுநாள் கணினி பயன்படுத்துபவர்களில் பலரும் அதை அறிவதில்லை.

இரு திரைகளுக்கும் இடையே ஏன் இந்த வேறுபாடு என்பதிலிருந்து தொடங்கலாம். மடிக்கணினியின் திரை அந்தக் கணினியின் ஓர் உறுப்பு. அதன் பின்னொளிக்கு எவ்வளவு மின்சாரம் போக வேண்டும் என்பதைக் கணினியே நேரடியாகத் தீர்மானிக்கிறது. வெளித்திரையோ தனக்கென மின்வழங்கியும், தனக்கென ஒரு சிறு செயலியும், அமைப்புகளைச் சேமித்துவைக்க ஒரு நினைவகமும் கொண்ட தனிக் கருவி. கணினி அதற்குப் படத்தை அனுப்புகிறதே தவிர, அதன் பின்னொளியின் மீது கணினிக்கு நேரடி அதிகாரம் எதுவும் இல்லை. ஆகவே வெளித்திரையின் ஒளிர்வை மாற்ற விரும்பும் கணினி, அந்தத் திரைக்குள் இருக்கும் செயலியிடம் ஒரு செய்தியைச் சொல்லி, அது தன் அமைப்பைத் தானே மாற்றிக்கொள்ளும்படி கேட்க வேண்டும். கேட்கப்பட்ட திரை உடன்படலாம், தாமதிக்கலாம், மறுக்கலாம், சில வேளைகளில் உடன்பட்டதாகச் சொல்லிவிட்டு ஒன்றும் செய்யாமலும் இருக்கலாம். இந்தத் துறையில் வரும் குழப்பங்களில் பெரும்பாலானவை இந்த ஏற்பாட்டிலிருந்தே பிறப்பதால், இதை முதலிலேயே மனத்தில் நிறுத்திக்கொள்வது நல்லது.

அந்தச் செய்தி எந்த வழியாகப் போகிறது? விஜிஏ, டிவிஐ, எச்டிஎம்ஐ ஆகிய மூன்று வகைக் கேபிள்களிலும், படத்தைச் சுமக்கும் கம்பிகளைத் தவிர, மெதுவான தகவல் பரிமாற்றத்துக்கென்றே இரண்டு கம்பிகள் உள்ளன. எச்டிஎம்ஐ இணைப்பியில் 15, 16 ஆம் முனைகளும், பழைய விஜிஏ இணைப்பியில் 12, 15 ஆம் முனைகளும் இதற்காக ஒதுக்கப்பட்டவை. ஒரு கம்பி தரவையும் மற்றொன்று கடிகாரத் துடிப்பையும் கொண்டுசெல்லும். மின்சுற்றுப் பலகையில் உள்ள சில்லுகள் தமக்குள் பேசிக்கொள்வதற்காக பிலிப்ஸ் நிறுவனம் 1982 ஆம் ஆண்டில் உருவாக்கிய ஐ2சி என்ற முறையே இங்கும் பயன்படுகிறது. டிஸ்ப்ளேபோர்ட்டில் இந்த இரு கம்பிகள் இல்லையென்றாலும், ஆக்ஸ் எனப்படும் துணைத்தடத்தின் வழியே அதே ஐ2சி செய்திகள் பொதிந்து அனுப்பப்படுகின்றன. யூஎஸ்பி-சி துளையில் இணைக்கும் திரைகளும் பெரும்பாலும் உள்ளே டிஸ்ப்ளேபோர்ட்டையே பயன்படுத்துவதால் அவற்றுக்கும் இதுவே பொருந்தும்.

திரைக் கருவிகளுக்கான தரங்களை வகுக்கும் வெசா என்ற அமைப்பு, 1994 ஆம் ஆண்டில் இந்தத் தடத்துக்கு டிடிசி என்று பெயரிட்டு முதல் தரத்தை வெளியிட்டது. அப்போது அதன் வேலை எளியது: திரை தன்னைப் பற்றிய குறிப்பைக் கணினிக்குத் தர வேண்டும். யார் தயாரித்தது, என்ன மாதிரி, எந்தப் பிரிதிறன்களைக் காட்டும் என்பன போன்ற விவரங்கள் அடங்கிய 128 பைட் அளவுள்ள அந்தக் குறிப்பின் பெயர் இடிஐடி. புதிய திரையைச் செருகியவுடன் கணினி தானாகவே சரியான பிரிதிறனைத் தேர்ந்துகொள்வது இந்தக் குறிப்பைப் படித்துத்தான். 1998 ஆம் ஆண்டில் வெளியான டிடிசி-சிஐ என்ற நீட்சியோடு, அதே இரண்டு கம்பிகளில் கணினியும் திரையும் இருவழியாகப் பேச வழி பிறந்தது. ஐ2சி தடத்தில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு முகவரி உண்டு. பதினாறின் அடிப்படையில் எண்ணும் பதினறும எண்ணில் 50 என்ற முகவரியில் இடிஐடி குறிப்பு கிடைக்கும், 37 என்ற முகவரியில் திரையின் கட்டுப்பாட்டுச் செயலி செவிசாய்த்துக் காத்திருக்கும்.

பேசுவதற்குத் தடம் கிடைத்துவிட்டால் மட்டும் போதாது, இருவருக்கும் பொதுவான சொற்பட்டியலும் வேண்டும். அதற்காக வெசா வகுத்த எம்சிசிஎஸ் என்ற தரம், திரையின் ஒவ்வோர் அமைப்புக்கும் ஒரு குறியெண்ணைத் தந்தது. இந்தக் குறியெண்களுக்கு விசிபி குறிகள் என்று பெயர். இவை அனைத்தும் பதினறும எண்களே. ஒளிர்வுக்கு 10, கான்ட்ராஸ்ட் எனப்படும் மாறுபாட்டுக்கு 12, உள்ளீட்டுத் துளையைத் தேர்வதற்கு 60, திரையில் ஒலிபெருக்கி இருந்தால் அதன் ஒலியளவுக்கு 62, மின்நிலைக்கு டி6. சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றின் அளவைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கவும், எல்லாவற்றையும் தொழிற்சாலை அமைப்புக்குத் திருப்பவும்கூடக் குறிகள் இருக்கின்றன. ஆனால் நாள்தோறும் கைக்கு வருபவை முதலில் சொன்ன சிலவே.

கணினி அனுப்பும் செய்தியின் அமைப்பும் சுருக்கமானது. ஒரு மதிப்பைக் கேட்பதற்கு 1 என்ற ஏவல், திரை தரும் பதிலுக்கு 2, மதிப்பை மாற்றுவதற்கு 3 என்று வைத்திருக்கிறார்கள். ஒளிர்வை 50 ஆக்க வேண்டுமானால், செய்தியின் நீளம், 3 என்ற ஏவல், 10 என்ற குறி, இரண்டு பைட்டுகளில் 50 என்ற மதிப்பு, கடைசியில் வழியில் ஏதேனும் சிதைந்ததா என்று கண்டறிய ஒரு சரிபார்ப்பு பைட் என ஒரு கைப்பிடியளவு பைட்டுகளே கம்பியில் செல்கின்றன. இவற்றை நாமே கோத்து அனுப்ப வேண்டிய தேவை இல்லை. அதற்குரிய நிரல்கள் உள்ளன.

லினக்ஸில் இதற்கென நான் பரிந்துரைப்பது டிடிசியுடில் என்ற நிரல். டிடிசி என்ற மூன்று எழுத்துகளோடு யுடிலிட்டி என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் நான்கு எழுத்துகளைச் சேர்த்தால் அதன் பெயர் கிடைக்கும். டெபியன், உபுண்டு, ஃபெடோரா, ஆர்ச் ஆகிய லினக்ஸ் வகைகள் எல்லாவற்றின் நிரல் களஞ்சியங்களிலும் அது இருக்கிறது. இக்கட்டுரையில் கட்டளைகளைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன்; முனையத்தில் தட்டும்போது அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்ட வேண்டும். உபுண்டுவில் நிறுவுவதற்கான கட்டளை இது (சூடோ என்பது மேலாளர் அதிகாரத்தோடு இயக்கச் சொல்வது):

சூடோ ஆப்ட் இன்ஸ்டால் டிடிசியுடில்

நிறுவியபின் முதலில் செய்ய வேண்டியது, எந்தெந்தத் திரைகள் பேசத் தயாராக இருக்கின்றன என்று பார்ப்பது.

டிடிசியுடில் டிடெக்ட்

இணைந்துள்ள ஒவ்வொரு திரையையும் வரிசை எண்ணிட்டு, அதன் தயாரிப்பாளர், மாதிரி, எந்த ஐ2சி தடத்தில் உள்ளது என்ற விவரங்களோடு இந்தக் கட்டளை காட்டும். மடிக்கணினியின் சொந்தத் திரை இந்தப் பட்டியலில் செல்லாத திரை என்ற குறிப்புடன் வந்தால் அது பிழையன்று. மேலே சொன்னபடி அந்தத் திரைக்கு டிடிசி-சிஐ பொருந்தாது. அதை பிரைட்னஸ்சிடிஎல் போன்ற வேறு நிரல்களால் மாற்றிக்கொள்ளலாம்.

பட்டியல் வெறுமையாக வந்தால் இரண்டு காரணங்களை முதலில் ஐயுற வேண்டும். ஐ2சி தடங்களைப் பயனர் நிரல்களுக்குத் திறந்துவிடும் கெர்னல் (இயக்குதளத்தின் கரு) கூறு ஏற்றப்படாமல் இருக்கலாம். அதை இப்படி ஏற்றலாம்:

சூடோ மோட்புரோப் ஐ2சி-டெவ்

மற்றொரு காரணம் அனுமதி. சூடோ சேர்த்து இயக்கினால் திரை தெரிகிறது, சேர்க்காவிட்டால் தெரியவில்லை என்றால், உங்கள் பயனர் கணக்குக்கு அந்தத் தடங்களைத் தொடும் உரிமை இல்லை என்று பொருள். டிடிசியுடிலின் புதிய பதிப்புகள் நிறுவப்படும்போதே இந்த உரிமையை வழங்கிவிடுகின்றன. பழைய பதிப்பானால் ஐ2சி என்ற பயனர் குழுவில் உங்கள் பெயரைச் சேர்த்து, ஒருமுறை வெளியேறி மீண்டும் நுழைய வேண்டும். அன்றாடம் சூடோ போட்டு ஓட்டுவதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம் என்பது என் கருத்து. ஒளிர்வை மாற்றுவது மேலாளர் அதிகாரம் தேவைப்படும் அளவுக்குப் பெரிய செயலன்று.

திரை தெரிந்துவிட்டால் இப்போதைய ஒளிர்வைக் கேட்டுப் பார்க்கலாம்.

டிடிசியுடில் கெட்விசிபி 10

தற்போதைய மதிப்பு, அதிகபட்ச மதிப்பு ஆகிய இரண்டும் பதிலாக வரும். பெரும்பாலான திரைகளில் அதிகபட்சம் 100. ஒளிர்வை 40 ஆக்கவும், இருக்கும் அளவோடு 5 கூட்டவும் கட்டளைகள் முறையே இவை:

டிடிசியுடில் செட்விசிபி 10 40

டிடிசியுடில் செட்விசிபி 10 + 5

இரண்டாவதில் கூட்டல் குறிக்கும் எண்ணுக்கும் நடுவே ஓர் இடைவெளி கட்டாயம். திரைகள் இரண்டிருந்தால், டிடிசியுடில் என்ற சொல்லுக்குப் பின் --டிஸ்ப்ளே 2 என்று சேர்த்து எந்தத் திரை என்பதைக் குறிப்பிடலாம்.

இதுவரை எல்லாம் நேராகப் போகும். தொடக்கநிலையில் இருப்பவர்கள் தடுக்கி விழும் இடம், உள்ளீட்டை மாற்றும் 60 என்ற குறி. ஆனால் கட்டளை வரியின் உண்மையான பயன் அங்கேதான் இருக்கிறது. அலுவலக மடிக்கணினியையும் வீட்டுக் கணினியையும் ஒரே திரையில் இணைத்து வைத்திருப்பவர்கள், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவதற்காக ஒரு நாளில் பல முறை பொத்தான் பட்டியலுக்குள் இறங்க வேண்டியிருக்கிறது. அதை விசைப்பலகையில் ஒரு குறுக்குவிசையாக்கிவிடலாம். முதலில் உங்கள் திரைக்கு எந்தெந்த உள்ளீடுகள் உள்ளன என்று கேளுங்கள்.

டிடிசியுடில் கேபபிலிட்டீஸ்

நீண்ட பட்டியலொன்று வரும். அதில் 60 ஆம் குறியின் கீழ், எச்டிஎம்ஐ-1 என்பதற்கு நேராக 11 என்றும் எச்டிஎம்ஐ-2 என்பதற்கு நேராக 12 என்றும் இருப்பதைக் காணலாம். உடனே செட்விசிபி 60 11 என்று தட்டினால் திரை மாறாது. ஏனென்றால் பட்டியலில் உள்ள 11 பதினறும எண். கட்டளையில் நாம் தரும் குறியெண்ணை டிடிசியுடில் எப்போதும் பதினறும எண்ணாகவும், மதிப்பைச் சிறப்புக் குறியீடு இல்லாதவரை வழக்கமான பதின்ம எண்ணாகவும் எடுத்துக்கொள்கிறது. பதின்ம எண்ணாகிய 11 எம்சிசிஎஸ் தரத்தில் தொலைக்காட்சி அலைவாங்கி ஒன்றைக் குறிக்கிறது; அத்தகைய துளை உங்கள் திரையில் இருக்க வாய்ப்பில்லை. பதினறும எண் 11 என்பது பதின்ம எண்ணில் 17 ஆகையால், எச்டிஎம்ஐ-1 க்கு மாற 17, எச்டிஎம்ஐ-2 க்கு 18, டிஸ்ப்ளேபோர்ட்-1 க்கு 15, டிஸ்ப்ளேபோர்ட்-2 க்கு 16 என்று தர வேண்டும்.

டிடிசியுடில் செட்விசிபி 60 17

யூஎஸ்பி-சி துளைக்கென எல்லாத் தயாரிப்பாளர்களும் ஏற்ற எண் ஒன்று இல்லாததால், அதை மட்டும் அவரவர் திரையில் கண்டறிந்துகொள்ள வேண்டும். பொத்தானால் யூஎஸ்பி-சி உள்ளீட்டுக்கு மாறி, அந்தக் கணினியிலிருந்து கெட்விசிபி 60 என்று கேட்டால் திரையே எண்ணைச் சொல்லிவிடும்.

உள்ளீட்டை மாற்றும்போது இன்னொரு விந்தையும் நேரும். திரை சரியாக மாறிவிட்டிருக்கும். ஆனால் முனையத்தில் பிழைச் செய்தி இருக்கும். டிடிசியுடில் ஒரு மதிப்பை எழுதியபின், அது உண்மையிலேயே பதிந்ததா என்று இயல்பாகவே திரும்பப் படித்துப் பார்க்கும். அதற்குள் திரை மற்றக் கணினியின் பக்கம் திரும்பிவிட்டதால் பதில் வராமல் போகிறது. --நோவெரிஃபை என்று சேர்த்தால் இந்தச் சரிபார்ப்பு நிகழாது. இதே காரணத்தால், சில திரைகள் தாம் காட்டிக்கொண்டிருக்கும் கணினியின் பேச்சை மட்டுமே கேட்கும். பின்னணியில் இருக்கும் கணினி எவ்வளவு அழைத்தாலும் திரும்பாது. அத்தகைய திரையில் ஒரு கணினியால் திரையைத் தன்னிடமிருந்து அனுப்ப முடியுமே தவிர, தன்னிடம் வரவழைக்க முடியாது. ஆகவே இரு கணினிகளிலும் மற்றதன் பக்கம் அனுப்பும் குறுக்குவிசை ஒவ்வொன்றை அமைத்துக்கொள்வதே நம்பகமான ஏற்பாடு.

கேபபிலிட்டீஸ் கட்டளை தரும் பட்டியலை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். தயாரிப்பாளர்கள் ஒரு மாதிரியின் பட்டியலை அடுத்த மாதிரிக்கு அப்படியே நகலெடுத்துவிடுவதுண்டு. இல்லாத துளைகள் அதில் இருக்கும், இருக்கும் வசதிகள் விடுபட்டிருக்கும். பட்டியலில் இல்லாத குறியும் வேலை செய்யக்கூடும் என்பதால், படித்துப் பார்ப்பதில் தவறில்லை. படிப்பதால் திரைக்கு எந்தத் தீங்கும் நேராது. பொருள் தெரியாத குறிகளில் எழுதிப் பார்ப்பது மட்டும் வேறு கதை. குறிப்பாக டி6 குறியில் எழுதித் திரையை அணைத்தால், சில மாதிரிகள் அதன்பின் எந்தச் செய்திக்கும் செவிசாய்க்காமல், கையால் மின்பொத்தானை அழுத்தும்வரை உறங்கிவிடும்.

எல்லாம் சரியாக இருந்தும் கட்டளை தயங்குவது, சில முறை பிடித்துச் சில முறை பிடிக்காமல் போவது ஆகியவையும் அடிக்கடி வரும் முறையீடுகள். திரைக்குள் இருக்கும் செயலி வேகமானதன்று. ஒரு கேள்வியை அனுப்பியபின் பதிலைப் படிக்குமுன் 40 மில்லிநொடியும், ஒரு மதிப்பை எழுதியபின் அடுத்த செய்திக்குமுன் 50 மில்லிநொடியும் காத்திருக்க வேண்டும் என்று தரமே சொல்கிறது. அதைவிடக் கூடுதல் அவகாசம் தேவைப்படும் திரைகளுக்கு --ஸ்லீப்-மல்டிப்ளையர் 2 என்ற தெரிவால் காத்திருப்பை இரட்டிப்பாக்கலாம். இத்தனை சிறிய செய்திக்குக் கால் நொடி, அரை நொடி ஆவது ஏன் என்ற ஐயத்துக்கும் இதுவே விடை: கட்டளை செலவிடும் நேரத்தில் பெரும்பகுதி வெறும் காத்திருப்பு.

ஒரு திரை அறவே பேசவில்லையென்றால், அதன் சொந்தப் பட்டியலுக்குள் போய் டிடிசி-சிஐ என்ற வரியைத் தேடுங்கள். அது அணைத்து வைக்கப்பட்டிருந்தால் வெளியிலிருந்து எந்தக் கட்டளையாலும் அதை இயக்க முடியாது. ஒளிர்வு மட்டும் மாறாமல் மற்றவை மாறினால், எச்டிஆர் (ஒளி-இருள் வீச்சைக் கூட்டிக் காட்டும் முறை) அல்லது தானியங்கி மாறுபாடு போன்ற ஏதோ ஒரு காட்சிமுறை ஒளிர்வைப் பூட்டிவைத்திருக்கக்கூடும். இவை இரண்டும் இல்லையென்றால் நடுவே உள்ள கருவிகளைப் பாருங்கள். மலிவான மாற்றிகளும் டாக் எனப்படும் இணைப்புப் பெட்டிகளும் படத்தை மட்டும் கடத்திவிட்டு இந்த மெதுவான தடத்தை விட்டுவிடக்கூடும். ஒரே கேபிளால் நேரடியாக இணைத்துச் சோதித்தால் குற்றவாளி யார் என்பது சில நிமிடங்களில் தெரிந்துவிடும். தொலைக்காட்சிப் பெட்டியைத் திரையாகப் பயன்படுத்துபவர்கள் பெரிதாக நம்பிக்கை வைக்க வேண்டாம். அவற்றில் பெரும்பாலானவை டிடிசி-சிஐயை ஏற்பதில்லை.

இணையத்தில் தேடுபவர்களுக்கு இன்னொரு கட்டளையும் எதிர்ப்படும். எக்ஸ்ரேண்டர் என்ற நிரலுக்கு --பிரைட்னஸ் 0.5 என்று தந்தால் திரை உடனே மங்கும்; டிடிசி எதுவும் தேவையில்லை. ஆனால் அது பின்னொளியைத் தொடுவதே இல்லை. கணினி அனுப்பும் படத்தின் புள்ளிகளையே கறுப்பாக்கி அனுப்புகிறது. விளக்கைத் தணிப்பதற்குப் பதில் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொள்வதைப் போன்றது அது. பின்னொளி முழு வீச்சில் எரிந்துகொண்டிருப்பதால் மின்சாரம் மிச்சமாகாது. எல்சிடி திரையில் கறுப்பு இன்னும் சாம்பலாகவே கசியும். ஒவ்வொரு நிறத்துக்கும் உள்ள 256 படிநிலைகளில் ஏறத்தாழ பாதியே மிஞ்சும் என்பதால் வானத்தின் மென்மையான நிறமாற்றங்கள் பட்டைபட்டையாகத் தெரியக்கூடும். திரையின் குறைந்தபட்ச ஒளிர்வும் இரவில் அதிகமாகப் படும்போது மட்டும், டிடிசியால் 0 வரை இறக்கியபின், மேலும் மங்கலாக்க இதைப் பயன்படுத்துவதில் பொருளுண்டு.

விண்டோஸிலும் மேக்கிலும் தத்துவம் இதுவே, நிரல்தான் வேறு. விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்தே டிடிசி-சிஐ வழியே பேசுவதற்கான வசதி விண்டோஸுக்குள் இருக்கிறது. நிர்சாஃப்டின் கன்ட்ரோல்மைமானிட்டர் என்ற நிரல் அதைக் கட்டளை வரிக்குக் கொண்டுவருகிறது. அதில் /செட்வேல்யூ பிரைமரி 10 40 என்றால் முதன்மைத் திரையின் ஒளிர்வு 40 ஆகும். குறியெண் அங்கும் அதே 10 என்பதைக் கவனிக்கலாம். விண்டோஸின் கட்டளைச் சாளரமான பவர்ஷெல் வழியே, டபிள்யூஎம்ஐ என்ற விண்டோஸ் மேலாண்மை வசதியைக் கொண்டு ஒளிர்வை மாற்றும் துணுக்குகள் பல இடங்களில் கிடைக்கின்றன, ஆனால் அவை மடிக்கணினியின் உள்திரைக்கே உரியவை. ஆப்பிள் சிலிக்கன் மேக்குகளில் எம்1டிடிசி என்ற சிறு நிரலுக்கு செட் லூமினன்ஸ் 40 என்று தரலாம்.

கட்டளையாகிவிட்ட எதையும் கடிகாரத்தோடு கட்டிப்போடலாம் என்பது இதில் கிடைக்கும் கூடுதல் வசதி. குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானே இயக்கும் லினக்ஸின் கிரான் அட்டவணையில் இப்படி ஒரு வரி சேர்த்தால், நாள்தோறும் இரவு 7 மணிக்குத் திரை தானே 30 க்கு இறங்கும்:

0 19 * * * டிடிசியுடில் செட்விசிபி 10 30

காலை 8 மணிக்கு 70 என்று இன்னொரு வரியும் சேர்த்துக்கொள்ளலாம். இதையே இன்னும் நுட்பமாக்கி, அறையின் வெளிச்சத்தை அளந்து நொடிக்கொரு முறை ஒளிர்வைத் திருத்தும் நிரல் எழுதும் ஆசை சிலருக்கு வரும். அதில் நான் சற்று நிதானிக்கச் சொல்வேன். திரைகள் தம் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் நினைவகத்தில் ஓர் இடத்தை அழித்தெழுதுவதற்கு ஓர் எல்லை உண்டு. எந்தத் திரை ஒவ்வொரு மாற்றத்தையும் அங்கே எழுதுகிறது, எது எழுதாமல் விடுகிறது என்பதை வெளியிலிருந்து அறிய முடியாது. ஆகவே அத்தகைய நிரல், தான் கடைசியாக எழுதிய மதிப்பை நினைவில் வைத்துக்கொண்டு, புதிய மதிப்பு அதிலிருந்து ஐந்து, பத்து புள்ளிகளாவது விலகும்போது மட்டும் செட்விசிபி கட்டளையை அனுப்புமாறு எழுதப்பட வேண்டும்.